பீஃப் ஹாட்பாட்: கறியை விடுங்கள், கிண்ணத்தைப் பாருங்கள்

வந்த கேள்வி இது: "வேலை விஷயமாக மூன்று மாதம் சீனாவின் ஷென்சென் நகரத்துக்குப் போகிறேன். அங்கே இருக்கும் சக ஊழியர்கள் வாரம் ஒரு தடவையாவது மாட்டிறைச்சி ஹாட்பாட்டுக்குக் கூட்டிப் போவார்களாம். எண்ணெயே கிடையாது, வெந்நீரில் வெந்த கறி, புரதம் நிறைய, ஜிம்முக்குப் போகிறவனுக்கு இதைவிட நல்ல சாப்பாடு இல்லை என்கிறார்கள். எனக்கு யூரிக் அமிலம் 7.4. சாப்பிடலாமா?"

சாப்பிடலாம். ஆனால் "வெந்நீரில் வெந்த கறி" என்று உங்களுக்குச் சொன்னது பாதி நிஜம்தான். மீதிப் பாதிக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. நான் உணவியல் படித்தவன், சில வருடம் குவாங்சோவில் இருந்தேன். குளிர்காலம் வந்தால் வாரத்தில் இரண்டு நாள் இந்தச் சட்டியைச் சுற்றித்தான் உட்கார்ந்திருப்பேன். கறி அநேகமாக ஒழுங்காகவே நடந்துகொள்கிறது. அது வேகும் சட்டி, தொட்டுக்கொள்ளும் கிண்ணம், கடைசியில் ஆசையாகக் குடிக்கும் சூப், இந்த மூன்றில்தான் கணக்கு எகிறுகிறது.

முதலில் பெயர்க் குழப்பம். ஹாட்பாட் என்றதும் நம் வீட்டில் இட்லியைச் சூடாக வைக்கும் ஹாட்பாக்ஸ் நினைவுக்கு வரும். இது வேறு. மேசை நடுவில் அடுப்பு, அதன் மேல் கொதிக்கும் சூப், சுற்றிலும் பச்சையாக அரிந்த கறி, காய், டோஃபு. அவரவர் போட்டு அவரவர் எடுத்துச் சாப்பிடுவது. சீனத்தில் ஹுவோகுவோ, அதாவது நெருப்புச் சட்டி. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு ஸ்டீம்போட் என்றால் உடனே புரியும்.

இன்னொரு விஷயம், சீனாவில் வெறுமனே 'கறி' என்று சொன்னால் அது பன்றிக்கறி. நம் ஊரில் பல வீடுகளில் 'கறி எடுத்தாச்சா' என்றால் ஆட்டுக்கறி என்று அர்த்தமாவது போல. மாடு உழவுக்கு வேண்டும் என்பதால் பல அரச வம்சங்கள் மாடு அறுப்பதற்குத் தடையோ கட்டுப்பாடோ போட்டிருந்தன. பெய்ஜிங்கின் பழைய செப்புச்சட்டி ஹாட்பாட் ஆட்டுக்கறிக்கு உரியது. மாட்டுக்கறி ஹாட்பாட் என்று தனியாகப் பேச வேண்டுமென்றால் இரண்டு ஊர்களைச் சொல்ல வேண்டும். ஒன்று குவாங்தோங் மாநிலத்தின் கிழக்குக் கடலோரத்தில் இருக்கும் சாவ்ஷான் வட்டாரம், முக்கியமாக ஷான்தோவ் நகரம். இன்னொன்று தென்மேற்கே யாங்சி ஆற்றங்கரையில் இருக்கும் சோங்சிங். இரண்டுக்கும் ஹாட்பாட் என்று ஒரே பெயர். ஆனால் சத்துக் கணக்கில் ரசத்துக்கும் குருமாவுக்கும் உள்ள தூரம்.

நீங்கள் போகும் ஷென்சென்னில் திரும்பின பக்கமெல்லாம் சாவ்ஷான் கடைதான். அது உங்கள் அதிர்ஷ்டம்.

சாவ்ஷான் சட்டியில் வருவது தெளிந்த எலும்புச் சூப். வெள்ளை முள்ளங்கி, மக்காச்சோளத் துண்டு, அவ்வளவுதான். மிளகாய் இல்லை, மேலே மிதக்கும் எண்ணெய் இல்லை. முழுக் கவனமும் கறி வெட்டும் விதத்தில். மாட்டை அறுத்துச் சில மணி நேரத்துக்குள், உறைய வைக்காமல், கையால் மெல்லிசாக அரிந்து தட்டில் வைக்கிறார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் தனிப் பெயர். முதுகோரம் நீளமாக ஓடும் கறி தியாவ்லோங். கழுத்துத் திமில் பக்கம் பூவேலை போலக் கொழுப்பு ஓடிய ஒரு துண்டு. தோள்பட்டையில் நடுவே ஒரு நரம்புக் கோடு போகும் துண்டு. முன்னங்கால் தசை, பின்னங்கால் தசை, கொழுப்பே இல்லாத தொடைக்கறி. கடைசியாக, பார்க்கச் சோப்புக் கட்டி போல வெளிர் மஞ்சளாக இருக்கும் நெஞ்சுக் கொழுப்பு. ஜல்லிக்கரண்டியில் கறியைப் பரப்பி, சூப்பில் முக்கி, தூக்கி, மறுபடி முக்கி, 'மூன்று ஏற்றம் மூன்று இறக்கம்' என்று பத்து நொடிக்குள் எடுத்துவிடுவார்கள். நெஞ்சுக் கொழுப்பு மட்டும் சில நிமிடம் கொதிக்கும். ஆச்சரியமாக, கொதித்த பிறகும் நறுக்கென்று இருக்கும்.

உங்கள் ஜிம் கணக்குக்கு வேண்டியது இங்கே இருக்கிறது. கொழுப்பு நீக்கிய மாட்டிறைச்சி 100 கிராம் பச்சையாக எடுத்தால் புரதம் 20 முதல் 22 கிராம், கலோரி சுமார் 120 முதல் 150. தொடைக்கறியும் கால் தசையுமாக 200 கிராம் சாப்பிட்டால் 40 கிராம் புரதம் கைக்கு வந்துவிடும், கலோரி 300ஐத் தாண்டாது. வெந்நீரில் வேகும்போது கொஞ்சம் கொழுப்பு சூப்புக்குள் கரைந்தும் போகிறது. ஆனால் அதே மேசையில், அதே மாட்டிலிருந்து, நெஞ்சுக் கொழுப்பை 50 கிராம் எடுத்தீர்களானால் அது மட்டுமே 300 கலோரியைத் தொட்டுவிடும். 'பீஃப் ஹாட்பாட்டில் எத்தனை கலோரி' என்று யாராவது ஒற்றை எண் சொன்னால் நம்பாதீர்கள். எந்தத் தட்டு என்று முதலில் கேளுங்கள். சூப்பர் மார்க்கெட்டிலும் மலிவுக் கடைகளிலும் சுருள் சுருளாக உறைய வைத்து வரும் ஃபெய்நியூ என்ற கறிச்சுருள் இருக்கிறதே, பெயருக்கே 'கொழுத்த மாடு' என்றுதான் பொருள். 100 கிராமுக்கு 250, 300 கலோரி சாதாரணம்.

இரும்புச்சத்து பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாட்டிறைச்சியின் நிஜமான பலம் புரதத்தைவிட இதில்தான். புரதம் டோஃபுவிலும் கிடைக்கும், முட்டையிலும் கிடைக்கும். 100 கிராம் கறியில் இரும்பு 2 முதல் 3 மில்லிகிராம்தான். எண்ணைப் பார்த்தால் கீரைக்குக் கீழே இருப்பது போலத் தோன்றும். ஆனால் கறியில் இருக்கும் இரும்பில் ஒரு பெரிய பங்கு ஹீம் வகை, அதாவது ரத்தச் சிவப்பணுவில் இருக்கும் அதே வடிவம். அதில் 15 முதல் 35 சதவீதம் வரை உடம்பு எடுத்துக்கொள்ளும். கீரை, பருப்பில் இருக்கும் இரும்பு பல சமயம் பத்து சதவீதம்கூட ஏறாது. அதோடு, கறியும் கீரையும் ஒரே வேளையில் போனால் கீரையின் இரும்பும் கூடுதலாக ஏறும். ஹாட்பாட்டில் கறியோடு கீரை போடுவது இந்த வகையில் அருமையான ஜோடி. சாப்பாட்டோடு டம்ளர் டம்ளராகத் தேநீர் குடித்தால் கீரை இரும்பு கொஞ்சம் தடைபடும், கறியின் இரும்புக்கு அவ்வளவு பாதிப்பில்லை. இது தவிர 100 கிராமில் துத்தநாகம் 4 முதல் 5 மில்லிகிராம், பி12 சுமார் 2 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு வேண்டிய பி12 சுமார் 2.4 மைக்ரோகிராம்தான் என்பதால் ஒரு தட்டுக் கறியே அன்றைய கணக்கை முடித்துவிடும். சைவக் குடும்பத்தில் வளர்ந்து பி12 குறைந்துபோய், ஊசி போட்டுக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் ஷென்சென் வந்து கறிக்கு மாறியது தனிக் கதை. அதை இன்னொரு நாள் சொல்கிறேன்.

'சுடச்சுட அறுத்த கறி, அதனால் சத்து அதிகம்' என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். தட்டில் வைத்த கறி இன்னும் துடிக்கிறது பாருங்கள் என்று வீடியோவும் எடுப்பார்கள். சுவை வேறுதான், மென்மையும் வேறுதான், மறுக்கவில்லை. ஆனால் புரதமோ இரும்போ நாலு மணி நேரத்தில் ஓடிப்போவதில்லை. முறையாக உறைய வைத்த கறியிலும் அதே அளவுதான். துடிப்புக்குக் கொடுக்கும் காசு நாக்குக்கு, உடம்புக்கு அல்ல.

இதே ரகம்தான் 'கொலாஜன் சூப்' என்ற விளம்பரமும். நரம்பு, தசைநார், சவ்வு எல்லாம் கொலாஜன், சாப்பிட்டால் தோல் பளபளக்கும் என்கிறார்கள். வயிற்றுக்குள் போனதும் அது மற்ற புரதங்களைப் போலவே அமினோ அமிலங்களாகவும் சின்னத் துணுக்குகளாகவும் உடைந்துவிடும், நேராகக் கன்னத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ளாது. சொல்லப்போனால் கொலாஜனில் ட்ரிப்டோஃபேன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலமே இல்லை. தசை வளர்க்க நினைப்பவருக்கு நரம்பைவிடச் சதைதான் மேல். நரம்பு மெல்ல நன்றாக இருக்கிறது என்றால் சாப்பிடுங்கள், அதற்கு வேறு காரணம் தேவையில்லை.

ஷான்தோவ் மாட்டிறைச்சி உருண்டையைச் சொல்லாமல் விட்டால் அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். தொடைக்கறியை இரண்டு கையிலும் இரும்புத் தடி பிடித்து, கூழாகும் வரை அடி அடியென்று அடித்துப் பிடிக்கும் உருண்டை. மேசையில் போட்டால் பந்து போலத் துள்ளும். அந்தத் துள்ளலுக்குக் காரணம் உப்பு. தசையில் இருக்கும் மயோசின் என்ற புரதம் உப்பில்தான் கரைந்து, பிறகு சூட்டில் வலை போலப் பின்னிக்கொள்ளும். ஆகவே 'உப்புக் குறைந்த பீஃப் உருண்டை' என்பது நடக்காத காரியம், உப்பைக் குறைத்தால் அது வெறும் கறி உருண்டைதான். கொழுப்பு குறைவு, புரதம் உண்டு, சோடியம் தாராளம். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சரி, இனி சோங்சிங். அங்கே ஹாட்பாட் பிறந்தது ஆற்றுத் துறைகளில், படகுக்காரர்களும் சுமை தூக்குபவர்களும் சாப்பிட்ட சாப்பாடாக என்று சொல்வார்கள். நல்ல கறி காசுள்ளவர் வீட்டுக்குப் போய்விடும், இரைப்பை, குடல், ரத்தம், ரத்தக்குழாய் எல்லாம் மலிவாகத் துறைக்கு வரும். அதன் வாடையை அடக்க மிளகாய், சிச்சுவான் மிளகு, தோபன்ஜியாங் என்ற மிளகாய்–மொச்சை விழுது. இவை எல்லாவற்றையும் ஏந்திக்கொள்ள உருக்கிய மாட்டுக் கொழுப்பு. இன்றைக்கும் சோங்சிங் மாலா சட்டியின், அதாவது நாக்கு மரத்துப்போகும் காரச் சட்டியின் உயிர் அந்தக் கொழுப்புதான். கடையில் செங்கல் மாதிரி சிவப்புக் கட்டியாக விற்கும் மசாலாவைத் திருப்பிப் பாருங்கள், பொருள் பட்டியலில் முதலில் நிற்பது மாட்டுக் கொழுப்பு.

அந்தக் கொழுப்பில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. அதிலும் ஸ்டியரிக் அமிலம் என்ற பகுதி கெட்ட கொலஸ்ட்ராலை அவ்வளவாக ஏற்றுவதில்லை, பால்மிட்டிக் என்ற பகுதி ஏற்றும். நியாயமாகப் பேச வேண்டும் என்பதற்காக இரண்டையும் சொல்கிறேன். சட்டியில் இருக்கும் கொழுப்பு முழுவதும் உங்கள் வயிற்றுக்குள் போவதில்லைதான். எவ்வளவு போகிறது என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் எதைப் போடுகிறீர்கள் என்பது. வழுவழுப்பான கறித்துண்டில் ஒட்டுவது கொஞ்சம். இலை இலையாக விரியும் கீரையும், பஞ்சு போன்ற பொரித்த டோஃபுவும், ஓட்டை ஓட்டையான உறைந்த டோஃபுவும் எண்ணெயை அப்படியே உறிஞ்சிக்கொண்டு வரும். 'நான் இன்றைக்குக் காய்தான் சாப்பிட்டேன்' என்று மாலா சட்டியில் கீரை முக்கிச் சாப்பிட்டவர் சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். மாலா சட்டியில் கறியைவிடக் கீரைதான் சட்டிக் கொழுப்பை அதிகமாக வாய்க்குக் கொண்டுபோகும். கீரை சாப்பிட ஆசை இருந்தால் நடுவில் தடுப்பு வைத்த இரட்டைச் சட்டி கேளுங்கள், யுவான்யாங் என்பார்கள். ஒரு பக்கம் காரம், ஒரு பக்கம் தெளிந்த சூப். கீரை தெளிந்த பக்கம்.

சோங்சிங்கின் நட்சத்திரம் மாவோதூ, மாட்டின் மூன்றாவது இரைப்பை, புத்தக ஏடு போல மடிப்பு மடிப்பாக இருக்கும். ஏழு ஏற்றம் எட்டு இறக்கம், பதினைந்து நொடி, அவ்வளவுதான் வேக்காடு. கொழுப்பு குறைவு, 100 கிராமுக்கு புரதம் 12 கிராம் சுமாருக்கு, ஆனால் கறியில் இருக்கும் இரும்பும் துத்தநாகமும் இதில் அந்த அளவுக்குக் கிடையாது. இரும்பு வேண்டுமென்றால் அதே மேசையில் வரும் வாத்து ரத்தக் கட்டியைப் பாருங்கள். நம் ஊரில் ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிட்டவர்களுக்கு அது புதிதாகத் தெரியாது.

இப்போது கிண்ணம். இதற்காகத்தான் தலைப்பையே வைத்தேன்.

சோங்சிங் வழக்கப்படி கிண்ணத்தில் ஊற்றுவது நல்லெண்ணெய், அதில் நசுக்கிய பூண்டு. கொதிக்கும் சட்டியிலிருந்து எடுத்ததை அதில் முக்கினால் சூடு தணியும், காரம் தணியும், புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் 30 மில்லி நல்லெண்ணெய் என்பது 240 கலோரிக்கு மேல். அது தீர்ந்து இன்னொரு தடவை ஊற்றிக்கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 200 கிராம் தொடைக்கறியின் கலோரியை ஒரு கிண்ணம் எண்ணெய் சத்தமில்லாமல் எட்டிப் பிடித்துவிடும். வடக்கே எள் விழுது, ஒரு மேசைக்கரண்டி 90 கலோரி, கொஞ்சம் கால்சியமும் உண்டு என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம்.

சாவ்ஷானில் கிண்ணத்துக்கு வருவது ஷாச்சா. தென்கிழக்கு ஆசியாவுக்குப் பிழைக்கப் போன சாவ்ஷான்காரர்கள் அங்கிருந்து சாத்தே குழம்பின் ருசியை ஊருக்குக் கொண்டுவந்து, உலர் மீன், காய்ந்த இறால், பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்துத் தங்கள் கைப்பக்குவத்துக்கு மாற்றிக்கொண்டது. பெயரே சாத்தேயிலிருந்து வந்ததுதான். ருசியில் எனக்கு இதற்கு நிகர் கிடையாது. ஆனால் பாட்டிலைத் திறந்தால் மேலே இரண்டு விரற்கடை எண்ணெய் நிற்கும், கீழே உப்பு. இதோடு சோயா சாஸ் வேறு. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் சோடியம் சுமார் 900 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் வரம்பே 2000 மில்லிகிராம், அதாவது 5 கிராம் உப்பு. கறியில் ஒரு கல் உப்பு போடாமல் வேகவைத்துவிட்டு, கிண்ணத்தில் அன்றைய உப்பை முழுவதும் கரைத்து வைக்கிறோம். நான் செய்வது இது: ஷாச்சா ஒரு சின்னக் கரண்டி, மேலே மிதக்கும் எண்ணெயை ஒதுக்கிவிட்டு; அதில் நிறையப் பூண்டு, கொத்தமல்லி, செலரித் தண்டு, பச்சை மிளகாய், கொஞ்சம் வினிகர்; மிச்சத்துக்குச் சட்டியிலிருந்தே ஒரு கரண்டி சூப். தொட்டுக்கொள்ள வேண்டும், குளிப்பாட்டக் கூடாது.

அடுத்து உங்கள் யூரிக் அமிலம். ஆண்களுக்கு 7க்கு மேல் போனாலே அதிகம் என்றுதான் கணக்கு, நீங்கள் கோட்டைத் தாண்டி நிற்கிறீர்கள். உடம்பில் யூரிக் அமிலமாக மாறும் பொருளுக்குப் பியூரின் என்று பெயர். மாட்டிறைச்சியில் அது நடுத்தர அளவு, 100 கிராமுக்கு 100 மில்லிகிராமை ஒட்டி. ஈரலில் அதைப் போல இரண்டு மடங்கு. பியூரின் தண்ணீரில் கரையும் என்பதில்தான் சூட்சுமம். மெல்லிசாக அரிந்த கறி கொதிநீரில் பட்டதும் கொஞ்சம் பியூரினைச் சூப்புக்குக் கொடுத்துவிடுகிறது. அதனால் வெந்த கறி உங்களுக்குச் சற்று நல்லது, அந்தச் சூப் உங்களுக்குக் கெட்டது. நாலு பேர் ஒன்றரை மணி நேரம் தட்டுத் தட்டாகக் கறி முக்கிய பிறகு அந்தச் சட்டியில் இருப்பது பியூரினும் உப்பும் கொழுப்பும் சேர்ந்த கஷாயம். 'சத்தெல்லாம் சூப்பில்தான் இருக்கிறது, குடி' என்று பக்கத்தில் இருப்பவர் ஊற்றித் தருவார். பி வைட்டமின்கள் கொஞ்சம் கரைந்திருக்கும் என்பது வாஸ்தவம். அதற்காக மற்றதையெல்லாம் குடிக்க வேண்டியதில்லை.

சாவ்ஷான் பெரியவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். கறி போடுவதற்கு முன்பே, பொடியாக நறுக்கிய செலரித் தண்டைக் கிண்ணத்தில் போட்டு, தெளிந்த சூப்பை ஊற்றி முதலிலேயே குடித்துவிடுவார்கள். ருசிக்காகத்தான் செய்கிறார்கள், ஆனால் உங்களுக்கும் அதுவே சரி. முதல் கிண்ணம் குடியுங்கள், கடைசிக் கிண்ணத்தைத் தொடாதீர்கள். அப்புறம் பீர். யூரிக் அமிலத்தைப் பொறுத்தவரை கறியும் பீரும் சேர்வது நெருப்பில் நெய் ஊற்றுவது. ஷென்சென்னில் ஹாட்பாட்டுக்கு மூலிகைத் தேநீர் குடிக்கும் பழக்கம் உண்டு, உடம்பில் 'ஷாங்ஹுவோ', அதாவது சூடு ஏறாமல் இருக்க என்பார்கள். நம் பாட்டி சொல்லும் சூடு, குளிர்ச்சி கணக்குதான், அச்சு அசலாக. பாட்டிலில் வருவதில் சர்க்கரை நிறைய. சர்க்கரையின் ஃப்ரக்டோஸும் யூரிக் அமிலத்தை ஏற்றும் என்பதால் வெறும் தேநீரோ தண்ணீரோ கேளுங்கள். கவுட், அதாவது யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வலி ஏற்கெனவே ஒரு தடவை வந்திருந்தாலோ மாத்திரை சாப்பிட்டாலோ, போவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

சிவப்பு இறைச்சி, புற்றுநோய் என்ற பேச்சும் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சிவப்பு இறைச்சியை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது' என்ற வகையில் வைத்தது. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் சொல்லும் வரம்பு, வாரத்துக்கு வெந்த எடையில் 350 முதல் 500 கிராம். வாரம் ஒரு ஹாட்பாட் அதற்குள் அடங்கும், மற்ற நாட்களில் மீன், கோழி, டோஃபு என்று இருந்தால். சமைக்கும் விதத்தில் ஹாட்பாட்டுக்கு ஒரு நல்ல மதிப்பெண் உண்டு. தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது. கரியில் சுடும்போதும் தோசைக்கல்லில் கருகும்போதும் உண்டாகும் வேண்டாத ரசாயனங்கள் இங்கே அநேகமாக உருவாவதில்லை. ஆனால் அதே கொதிப்பை அப்படியே வாயில் போடாதீர்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களை அதே முகமை 2016இல் உணவுக்குழாய்ப் புற்றுநோயோடு தொடர்புபடுத்தியது. சட்டியிலிருந்து நேராக வாய்க்குப் போகும் சூப்பும் அந்தச் சூடுதான்.

சுத்தம் பற்றி இரண்டே விஷயம். பத்து நொடி வேக்காடு மெல்லிய, முழுத் துண்டாக அரிந்த கறிக்கு மட்டும்தான், அதுவும் சூப் நன்றாகக் கொதிக்கும்போது. ஒரு தட்டை மொத்தமாகக் கொட்டினால் சூப்பின் சூடு இறங்கிவிடும், பிறகு பத்து நொடிக்கு அர்த்தமில்லை. உறைய வைக்காத கறி என்பதால் மாட்டு நாடாப்புழுவை நினைவில் வைத்து, சிவப்பு முழுவதும் மாறிய பிறகு எடுங்கள். உருண்டை போன்ற அரைத்த கறி உள்ளே வரை வேக வேண்டும். கர்ப்பிணிகள் எதையும் அரைவேக்காட்டில் தொடக் கூடாது. பச்சைக் கறி எடுக்கும் குச்சி வேறு, வாய்க்குப் போகும் குச்சி வேறு. பொதுக் குச்சிக்கு அங்கே 'கோங்குவாய்' என்று பெயர், கேட்டால் தருவார்கள். இரண்டாவது, பழைய எண்ணெய். மாலா சட்டியில் மிச்சமான கொழுப்பை வடிகட்டி அடுத்த மேசைக்கு ஊற்றுவதை அங்கே 'எச்சில் எண்ணெய்' என்றே சொல்கிறார்கள். சட்டப்படி குற்றம், ஆனாலும் அவ்வப்போது பிடிபடுகிறார்கள். ஒருமுறை நான் போன ஒரு சின்னக் கடையில் சட்டி வந்ததுமே அடியில் ஒரு மீன் முள் கிடந்தது, நாங்கள் யாரும் மீன் சொல்லவே இல்லை. எழுந்து வந்துவிட்டோம். மசாலாக் கட்டியை உங்கள் கண் முன்னால் பிரித்துப் போடும் கடையாகப் பாருங்கள். தெளிந்த சூப்பில் இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு, ஒளித்து வைக்க இடமில்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் சாப்பிடும் விதம்: முதலில் ஒரு கிண்ணம் தெளிந்த சூப். பிறகு தொடைக்கறி, கால் தசை, தியாவ்லோங் எல்லாம் சேர்த்து 150 கிராம், அதற்கு மேல் வேண்டாம். நெஞ்சுக் கொழுப்பில் இரண்டு வில்லை, ருசி தெரிய வேண்டுமே. ஈரல் வேண்டாம். கறி பாதி முடிந்ததும் சாமந்திக் கீரை, மரக்காளான், டோஃபு, முள்ளங்கி வயிறு நிறைய. கடைசியில் குவே தியாவ் என்ற அரிசிப் பட்டை நூடுல்ஸ் வரும், அந்த நேரத்துச் சூப்பில் வேகும் ருசிக்காகவே பலர் காத்திருப்பார்கள். அது எல்லா உப்பையும் பியூரினையும் உறிஞ்சியிருக்கும். மாவுச்சத்து வேண்டுமென்றால் ஆரம்பத்திலேயே, சூப் தெளிவாக இருக்கும்போதே ஒரு கைப்பிடி போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பரிமாறுபவர் விநோதமாகப் பார்ப்பார், பரவாயில்லை. என்னையும் அப்படித்தான் பார்த்தார்கள்.